அலாஸ்கா மீன்பிடிப் படகில் அப்சர்வர் வேலை: போவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாதவை

கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கல்யாணமாகி வந்து, எச்-4 என்ற சார்பு விசாவில் சியாட்டில் பக்கம் பாத்தெல் ஊரில் பல வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கிரீன் கார்டு கைக்கு வந்த வாரமே வேலை தேட ஆரம்பித்தேன். ஆய்வகம், மீன் பண்ணை, அக்வேரியம் என்று எதற்குப் போட்டாலும் அமெரிக்க அனுபவம் உண்டா என்ற கேள்வியிலேயே நின்றுவிடும். அனுபவம் கேட்காமல் என் கண்ணில் பட்ட ஒரே விளம்பரம் ஃபிஷரீஸ் அப்சர்வர். டிகிரி போதும், பயிற்சி தருகிறோம், விமானச் சீட்டும் தங்குமிடமும் எங்கள் செலவு என்று போட்டிருந்தார்கள். அனுபவமே கேட்காமல் வருடா வருடம் ஆள் எடுக்கிறார்கள் என்றால் அங்கே ஆள் தங்குவதில்லை என்றுதான் பொருள். இதை அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் போயிருப்பேன், ஆனால் எப்போது வெளியே வருவது என்று யோசித்துக்கொண்டே போயிருப்பேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடலில் முக்கியமான மீன் ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரம்பு உண்டு. படகுக்காரர் சொல்லும் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதை நடத்த முடியாது என்பதால் ஓர் ஆளைப் படகிலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். வலையில் என்ன வந்தது, எவ்வளவு வந்தது, எதைத் திரும்பக் கடலில் கொட்டினார்கள், பறவையோ சீலோ மாட்டியதா என்று மாதிரி எடுத்து, எடை போட்டு, எழுதித் தருவதுதான் அப்சர்வர் வேலை. நான் போனது பேரிங் கடலில் பொல்லாக் பிடிக்கும் இழுவலைப் படகுகளுக்கு. மெக்டொனால்ட்ஸ் மீன் பர்கரில் இருக்கிறதே, அந்த மீன். பொல்லாக் வலையின் மடியில், அதாவது மீன் சேரும் பையில், சினூக் சால்மனும் சேர்ந்து மாட்டும். அதை விற்கக் கூடாது, ஆனால் ஒன்று விடாமல் எண்ண வேண்டும். சாதாரண வருடங்களில் பேரிங் கடல் பொல்லாக் படகுகள் மொத்தத்துக்கும் 60,000 சினூக் என்பது உச்சவரம்பு. அந்த எண்ணிக்கை படகுக் குழுக்களுக்குள் பங்கு பிரிக்கப்பட்டிருப்பதால் நாம் எண்ணும் ஒவ்வொரு சால்மனும் யாரோ ஒருவருடைய சீசனில் கை வைக்கிறது. இத்தனைக்கும் நாம் அரசு ஊழியர் இல்லை. கடலையும் மீன்வளத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நோவாவின் அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்கள்தான் நம்மை வேலைக்கு எடுக்கின்றன. பொல்லாக் மாதிரி எந்நேரமும் கண்காணிப்பு கட்டாயமான தொழிலில் அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது படகு முதலாளி. யாருடைய மீனை எண்ணுகிறோமோ அவர் கட்டும் பணத்திலிருந்துதான் நம் சம்பளம் வருகிறது. ஃபோனில் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "ஏழு கடல் தாண்டிப் போய் மீன் எண்ணவா இவ்வளவு படிச்ச?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் அடி காகிதத்தில் விழுந்தது. இயற்கை அறிவியல் பட்டம், அதற்குள் உயிரியல் பாடங்கள் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட், கணிதம், புள்ளியியல் பக்கமும் பாடம் கேட்பார்கள். நான் படித்த காலத்து மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் என்ற பேச்சே கிடையாது. பாடம் பாடமாக அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தரும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் போக வேண்டியிருந்தது, அவர்களோ ஊரிலிருந்து சீல் வைத்த உறையில்தான் வாங்குவார்கள். தம்பி லீவு போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அலைந்தான், டிடி எடுத்தான், கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு என்று திரும்பி வந்தான். அதற்குள் ஒரு சீசனே போய்விட்டது. பொல்லாக்குக்கு வருடத்தில் இரண்டு சீசன், ஒன்று ஜனவரி 20இல் தொடங்கும், மற்றது ஜூன் 10இல். புது ஆட்களுக்கான பயிற்சி வகுப்பை அதை ஒட்டித்தான் வைப்பார்கள், ஒன்றைத் தவறவிட்டால் அரை வருடம் சும்மா இருக்க வேண்டியதுதான். ஆகவே சேர நினைக்கிற சீசனுக்கு ஆறேழு மாதம் முன்பே மதிப்பெண் சான்று வேலையைத் தொடங்கிவிடுங்கள். புள்ளியியல் ஒரு தனித்தாளாக இல்லாமல் வேறு பாடத்துக்குள் ஒளிந்திருந்தால் அந்தப் பாடத்திட்ட நகலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், பிற்பாடு அதற்கென்று இன்னொரு அலைச்சல் வேண்டாம். மதிப்பீடு, கூரியர், முதலுதவிச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, உள்ளே போடுகிற கம்பளித் துணி என்று முதல் சம்பளத்தைப் பார்க்குமுன் என் கையிலிருந்து ஆயிரம் டாலருக்கு மேல் போனது.

பயிற்சி சியாட்டிலில், சாண்ட் பாயின்ட்டில் உள்ள நோவா வளாகத்தில் மூன்று வாரம். வீட்டிலிருந்தே போய் வந்ததால் எனக்கு அது சுகமான காலம். உறைந்த மீனை இளகவைத்து மேசையில் கொட்டி இனம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அலாஸ்காவில் ராக்ஃபிஷ் மட்டும் முப்பது வகைக்கு மேல், முள்ளையும் தாடையையும் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். கையெழுத்து, தசமப்புள்ளி, எழுதினால் அடித்துத் திருத்தும் முறை வரைக்கும் பிடித்துக்கொள்வார்கள். குளிர்நீரில் உயிர் காக்கும் இமர்ஷன் சூட்டை அறுபது விநாடிக்குள் போட்டாக வேண்டும். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், முதலில் கொடுத்த சூட்டில் என் கைவிரல் உறையின் நுனிக்கு எட்டவே இல்லை. வெட்கப்படாமல் சின்ன அளவு வேண்டும் என்று கேட்டு, அதைப் போட்டுக்காட்டி, அதையே கையோடு எடுத்துப் போங்கள். படகில் நம் அளவுக்கு ஒன்று தொங்கும் என்று நம்பாதீர்கள். பயிற்சிக் காலத்துக்கு என் நிறுவனம் சிறு தொகை தந்தது, ஒப்பந்தத்தை முடித்தால்தான் அதுவும் முழுதாக வரும் என்று பொடி எழுத்தில் இருந்தது. வகுப்பில் கூட இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்த கையோடு வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், என்னைப் பார்த்ததும் நான்தான் பயிற்சி கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

படகுகள் கிளம்பும் அலாஸ்கா துறைமுகமான டச் ஹார்பருக்குப் போவதே ஒரு படலம். அங்கே ஓடுபாதை குட்டை, காற்றும் மூடுபனியும் சேர்ந்தால் விமானம் வழியில் உள்ள ஆங்கரேஜ் நகரிலேயே நின்றுவிடும். அங்கே காத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் எப்படி, படகுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் நாளுக்கு எப்படி, கடல் நாளுக்கு எப்படி என்று மூன்று விதமாக இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது கடல் நாள் கூலி மட்டும்தான்.

முதல் படகில் ஏறிய இரவே கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் புண்ணியமில்லை, அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கரையில் இருக்கும்போதே, முந்தின ராத்திரியே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பேட்ச்சுக்கு டாக்டர் சீட்டு வேண்டும், ஊரை விட்டுக் கிளம்புமுன்பே வாங்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு அதிக நாள் பிடித்தது, ஒவ்வொரு முறை கரைக்கு வந்து திரும்பும்போதும் மறுபடி முதலிலிருந்து. வயிறு புரண்டாலும் மடி மேலே வந்துவிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். டெக்கில் கூடை கூடையாக அள்ளி, இனம் பிரித்து, பொல்லாக்கின் தலையைக் கண்ணுக்கு மேலே குறுக்காகக் கீறிப் பிளந்து, இடுக்கியால் இரண்டு காதுக் கற்களையும் எடுத்துக் குப்பியில் போட வேண்டும். அரிசியைவிடப் பெரிய வெள்ளைக் கல், அதில் உள்ள வளையங்களை எண்ணித்தான் கரையில் மீனின் வயதைச் சொல்கிறார்கள். படகு ஒரு பக்கமாகச் சாயும்போது இடுக்கியிலிருந்து அது நழுவி ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

யாரும் எச்சரிக்காத இன்னொன்று, படகு கரைக்கு வந்தாலும் வேலை முடியாது என்பது. தொழிற்சாலையில் மீனை இறக்கும்போது சால்மன் அத்தனையும் எண்ணியாக வேண்டும், கன்வேயர் பெல்ட் ஓடி முடிகிறவரை. இரவெல்லாம் ஆகும். கடலில் தூங்காத தூக்கத்தோடு மஞ்சள் விளக்கின் கீழ் நின்று, ஒவ்வொரு சால்மனின் வாயையும் திறந்து ஈறு கறுப்பா என்று பார்த்து, வாலில் புள்ளி உண்டா என்று பார்த்து, சினூக்கா, சம் என்கிற இன்னொரு வகை சால்மனா என்று தீர்மானித்து, பத்து சினூக்குக்கு ஒன்று வீதம் மரபணுவுக்குத் துடுப்பில் சிறு துண்டும் செதிலும் எடுத்து உறையில் போட வேண்டும். அது முடிந்து நான் படுக்கலாம் என்று நினைக்கும்போது படகில் ஐஸும் டீசலும் ஏற்றி மறுபடி புறப்படத் தயாராக நிற்பார்கள். அப்போது தூங்கியே ஆக வேண்டும் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், சோர்வில் எழுதுகிற எண் பின்னால் நம்மைத்தான் வந்து கடிக்கும்.

இப்போது கசப்பான பகுதி. படகில் எல்லாருக்கும் ஒரு மேஸ்திரி, ஒரு கூட்டம் இருக்கிறது, பிடித்த மீனில் பங்கு இருக்கிறது. அப்சர்வருக்கு மட்டும் எதுவும் கிடையாது. பெரும்பாலோர் நல்லவர்கள். ஒரு சமையல்காரர் எனக்காகத் தனியாகச் சோறு வடித்து மிளகாய் எண்ணெயோடு வைப்பார். ஆனால் சினூக் அதிகம் வந்த நாளில் மேசையில் பேச்சு நின்றுவிடும். யாரும் மிரட்டவில்லை. நான் ஒதுக்கி வைத்த கூடையை யாரோ தெரியாமல் கவிழ்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த படகில் வேறு மாதிரி. ஒருவன் ராத்திரி வந்து என் படுக்கைத் திரையைத் தட்டினான், படம் பார்க்கலாம் வா என்று. வேண்டாம் என்றேன். மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும். கேப்டனிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு அவன் அப்படித்தான் என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை ரொம்ப உடைத்தது. கரை இரண்டு நாள் தள்ளி இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மீன் கூடையை நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

அப்சர்வரை மிரட்டுவது, வேலைக்குக் குறுக்கே வருவது, பாலியல் தொந்தரவு கொடுப்பது எல்லாம் அமெரிக்க மீன்பிடிச் சட்டமான மேக்னுசன்-ஸ்டீவன்ஸ் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டவை. ஆனால் சட்டம் கரையில் இருக்கிறது, நாம் கடலில் இருக்கிறோம். எனக்குக் கைகொடுத்தது தினம் எழுதிய குறிப்பேடு. எத்தனை மணி, படகு எந்த இடம், யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார், அன்றைக்கே, அவர்கள் சொன்ன அதே சொற்களில். கரைக்கு வந்ததும் நோவாவின் சட்ட அமலாக்க அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தேன், அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் முதலில் கேட்டது, இன்னும் ஒரு ட்ரிப் மட்டும் அதே படகில் முடித்துக் கொடுக்க முடியுமா என்று. முடியாது என்றேன். வேறு படகு கிடைக்கும்வரை பங்க்ஹவுஸ் என்ற பொதுத் தங்குமிடத்தில் கிடந்த நாட்களுக்குக் கடல் கூலி இல்லை. அந்த நஷ்டத்தைத் தாங்கக் கையில் இரண்டு மாதச் செலவுக்கான பணம் வைத்துக்கொண்டு போங்கள், பணம் இல்லாதவர்கள் அதே படகில் திரும்ப ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கென்று சொந்தமாக ஒரு சாட்டிலைட் மெசேஜ் கருவியும் வேண்டும், கேப்டன் இருக்கும் வீல்ஹவுஸ் வழியாகத்தான் வெளியே பேச முடியும் என்ற நிலைமையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சமயத்தில்தான் கணவர் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தேடி, கீத் டேவிஸ் பற்றிப் படித்துவிட்டார். 2015 செப்டம்பரில் பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக் நடுவில், கப்பலுக்குக் கப்பல் மீன் மாற்றும் இடத்தில் அப்சர்வராக இருந்த அமெரிக்கர். காணாமல் போனார், உடல் கிடைக்கவே இல்லை. 2020இல் கிரிபாட்டி நாட்டு அப்சர்வர் எரிட்டாரா ஆட்டி கைருவா என்பவர் ஒரு சூரைக் கப்பலில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அத்தையும் அழுதார், கணவரும் உடனே திரும்பி வா என்றார். அலாஸ்கா அந்த ஆழ்கடல் கப்பல்கள் மாதிரி இல்லை, கோஸ்ட் கார்டு என்ற கடலோரக் காவல்படை இருக்கிறது, படகில் செல்லுபடியாகும் பாதுகாப்பு ஸ்டிக்கர் இல்லை என்றால் அப்சர்வர் ஏற வேண்டியதே இல்லை என்று விளக்கினேன். ஸ்டிக்கரோடு நிறுத்தாமல் நாமே சுற்றிப் பார்ப்பதும் முக்கியம். லைஃப் ராஃப்டைத் தானாக விடுவிக்கும் கருவியின் காலாவதித் தேதி, அபாய பீக்கனின் பேட்டரித் தேதி, ராஃப்ட் எத்தனை பேருக்கு, படகில் நம்மையும் சேர்த்து எத்தனை பேர். ஒரு படகில் இந்தக் கடைசிக் கணக்கு உதைத்தது. ஏறமாட்டேன் என்றேன், கேப்டன் கத்தினார், சாயங்காலத்துக்குள் பெரிய ராஃப்ட் வந்துவிட்டது.

சீசன் முடிந்து வந்ததும் டீப்ரீஃபிங், அதாவது நோவா ஆட்கள் நம் பதிவுகளைக் குடைந்து சரிபார்ப்பது. ஒரு நாளில் முடியும் என்று நினைத்துப் போனால் ஒவ்வொரு மடிக்கும் ஏன் இந்த இடத்தில் மாதிரி எடுத்தாய், ஏன் இந்த எடை என்று கேட்பார்கள். இதைத் தண்டனை மாதிரி நினைக்கிறவர்கள் உண்டு. நான் இன்றைக்கும் மதிக்கிற ஒரே பகுதி அதுதான், அங்கே கிடைக்கிற மதிப்பீட்டு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். மற்றபடி பணக்கணக்கு பெரிதாக இல்லை. கடலில் செலவே இல்லாததால் சீசன் முடிவில் வங்கியில் ஒரு தொகை தெரியும், பிறகு சீசன்களுக்கு இடைப்பட்ட மாதங்கள் அதைத் தின்றுவிடும். கோவிட் வருடத்தில் படகேறுமுன் ஓட்டல் அறையில் 14 நாள் அடைத்தும் வைத்தார்கள். வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் சியாட்டிலில் ஆரம்பநிலை ஆய்வக உதவியாளர் வாங்குவதற்குப் பக்கத்தில்தான் வந்தது.

முன்னேற்றம் உண்டா என்றால், ஏணியில் படி குறைவு. அனுபவம் கூடினால் லீட் அப்சர்வர் ஆகலாம், ஆயிரங்கால் தூண்டில் போடும் ஃப்ரீசர் கப்பல்களுக்கு லீட் தகுதி உள்ளவர்கள் பல வருடம் பற்றாக்குறையாக இருந்தார்கள், அதனால் தூண்டில் படகு கிடைத்தால் மறுக்காதீர்கள். அதற்கு மேலே என்றால் நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலை, இல்லையென்றால் நோவாவில் பயிற்சியாளர், டீப்ரீஃபர் மாதிரியான பதவிகள். இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்: கூட்டாட்சி அரசு வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள். அப்சர்வர் ஆகக் கிரீன் கார்டு போதுமாயிருந்தது, அடுத்த படி ஏற அது போதவில்லை. 2025இல் நோவாவிலேயே ஆட்குறைப்பும் நடந்தது. இன்னொரு பக்கம் கேமரா வருகிறது. 2018 முதல் தூண்டில் படகுகளில் மின்னணுக் கண்காணிப்பு வந்துவிட்டது, பொல்லாக் இழுவலைப் படகுகளிலும் சோதனை முடிந்து 2025 முதல் நிரந்தர விதியாகிவிட்டது. அந்தப் படகுகள் பிடித்ததையெல்லாம் கரைக்குக் கொண்டுவரும், கேமரா பார்த்துக்கொள்ளும், அப்சர்வர் தொழிற்சாலையில் நின்று மாதிரி எடுப்பார். கடல் நாள் குறையும், கரை வேலையும் வீடியோ பார்க்கும் வேலையும் கூடும். தூங்குவதற்கு அசையாத கட்டில் கிடைக்கும் என்பதால் எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை, ஆனால் சம்பளம் எப்படி நிற்கும் என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

ஊரில் மீன்வளக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் அங்கிருந்தே நேராக அலாஸ்காவுக்கு வர முடியுமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி கையில் இல்லாமல் கஷ்டம். இதற்கென்று விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 24 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களில் 5 சதவீதக் கண்காணிப்பாவது வேண்டும் என்கிறது. கடல் நடுவே மீன் மாற்றும் கப்பல்களுக்கு அந்த ஆணையம் தனியாகவும் அப்சர்வர் அனுப்புகிறது. உங்களுக்கு அந்தப் பக்கம் விசாரிப்பது பொருத்தம், ஆனால் அந்தக் கப்பல்களில் மாதக்கணக்கில் கரையே வராது, மேலே சொன்ன குறிப்பேடும் சாட்டிலைட் கருவியும் அங்கே இன்னும் அவசியம்.

நான் சில வருடத்தில் நிறுத்திக்கொண்டேன். இப்போது வாஷிங்டன் மாநில மீன் வனவிலங்குத் துறையில், படகுத்துறைகளில் நின்று பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்கள் கொண்டுவரும் சால்மனைக் கணக்கெடுக்கிறேன். மாநில வேலை என்பதால் குடியுரிமை கேட்கவில்லை, காப்பீடு உண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நேர்காணலில் என் எம்.எஸ்சி. பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. சினூக்கையும் சம்மையும் எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டார்கள், டீப்ரீஃபிங் மதிப்பீட்டை வாங்கிப் படித்தார்கள், அடுத்த திங்கள்கிழமை வர முடியுமா என்றார்கள்.